முப்பத்திரண்டு மாற்று ஆட்டக்காரர்கள்

விசில்காரர் பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். பிறகு கீழிருந்து மேலே படித்தார். அப்போதும் ஆள் குறையவில்லை.

"ஆடுவது பதினொரு பேர். மாற்று ஆட்கள் முப்பத்திரண்டு பேரா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார். பக்கத்தில் நின்ற கந்தையா மாஸ்டர் அதை எனக்கு மொழிபெயர்த்தார்.

"தம்பி வேலு, இனி நீரே பாத்துக்கொள்ளும். எனக்கு இவ்வளவுதான் ஜப்பான் பாஷை தெரியும்."

பிற்பகல் வெயில். ஃபேரர் பார்க் திடலில் பாதியை மரவள்ளி போடக் கொத்திவிட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் என்னுடைய முப்பத்திரண்டு மாற்று ஆட்டக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். ஒருவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். ஒருவருக்குப் பஞ்சத்திலும் கரையாத தொந்தி. ஒருவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் பத்திரப்படுத்திவிட்டு, கோல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஆளுக்கும் தெரியவில்லை.

விசில்காரர் விசிலை வாயில் வைத்தார். அவர் ஊதுவதற்குள், இந்த முப்பத்திரண்டு பேரும் அங்கே வந்து நின்ற கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பசியில்தான் பந்து

மரவள்ளி ரொட்டியைப் பற்றி நான் இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, குவீன்ஸ்டவுன் வாசகர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "ஊரே பட்டினி கிடந்தபோது நீங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தீர்களா?" என்று கேட்கிறார். ஐயா, பட்டினி கிடந்ததால்தான் விளையாடினோம். வயிறு நிறைந்திருந்தால் நான் எதற்கு வெயிலில் நிற்கப் போகிறேன்?

ஜப்பான்காரன் பிடித்து, சிங்கப்பூர் சியோனான் ஆகி ஒரு வருஷம் போயிருக்கும். லாவண்டர் ஸ்திரீட் பக்கம் ஒரு பழைய மரக்கிடங்கில் தொழில் பள்ளி ஒன்று திறந்தார்கள். தச்சு, இரும்புக் கொல்லு, ஜப்பானிய மொழி, இந்த மூன்றும் பாடம். நான் அங்கே கிராணி. பேர் பதிவது, முத்திரை குத்துவது, காலையில் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கே பார்த்துக் குனிவது, இவை என் வேலைகள். கடைசி வேலையில் எனக்கு ஈடு கிடையாது.

கந்தையா மாஸ்டர் யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக்காரன் காலத்தில் கணக்கு வாத்தியார். இப்போது ஜப்பானிய மொழி வாத்தியார். மாணவர்களைவிட ஒரு பாடம் முன்னால் படித்துக்கொண்டு வந்து நடத்துவார். அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் வகுப்பே அவரை எட்டிப் பிடித்துவிடும்.

தலைமையாசிரியர்தான் விசில்காரர். இராணுவத்திலிருந்து வந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். தன் ஊரில் கல்லூரிக் காலத்தில் கோல் கீப்பராக இருந்தாராம். அரிசி எங்கே, மருந்து எங்கே என்று ஊர் தவித்துக்கொண்டிருக்கையில் அவர் முதலில் கேட்டது, "பள்ளிக்குப் பந்து அணி எங்கே?" என்பதுதான்.

அணி இல்லை. பதினொரு தச்சர்களை வைத்துக்கொண்டு முதல் ஆட்டம் ஆடினோம். எத்தனை கோல் வாங்கினோம் என்று எழுத எனக்கு இந்த வயதிலும் வெட்கமாக இருக்கிறது.

"ஆள் பிடித்து வா" என்றார் விசில்காரர். அப்படித்தான் நான் அணியின் செயலாளர் ஆனேன்.

காலைப் பார்த்து எடுத்த வருஷம்

ஆள் பிடிப்பதில் எனக்குப் பிறவியிலேயே ஒரு சாமர்த்தியம் உண்டு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் என் கையில் இரண்டு பொருள்கள் இருந்தன. அந்த இரண்டும் இருந்தால் எந்த மடையனும் பிடித்திருப்பான்.

ஒன்று, பள்ளி மாணவனுக்கு வாரம் கிடைக்கும் அரிசி. மற்றது, முத்திரை குத்திய மாணவர் சீட்டு. அரிசியைவிடச் சீட்டுக்குத்தான் மவுசு. அந்த நாளில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ரேஷன் வரிசையில் நிற்பவனை, வேலை இல்லாமல் கடை வாசல் ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்திருப்பவனை லாரியில் ஏற்றிவிடுவார்கள். போனவன் கடுதாசி போட்டதாக ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. சீட்டைக் காட்டினால் லாரிக்காரன் விட்டுவிடுவான்.

என் அப்பா தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர். துறைமுகத்தில் யார் காலில் என்ன இருக்கிறது என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். முதல் வருஷம் அங்கேயிருந்து ஆறு பேரைக் கொண்டுவந்தேன். அதில் முத்து மொய்தீன். கப்பல் கயிறு இழுக்கிற ஆள். வெறுங்காலால் அடிப்பான். அவன் அடித்த பந்தைப் பிடித்த கீப்பர் ஒருவன் இரண்டு நாள் சோற்றை இடது கையால் சாப்பிட்டதாகப் பேச்சு.

மொய்தீனும் மற்றவர்களும் கொல்லு வகுப்பு மாணவர்களாகப் பதிவானார்கள். சுத்தியலை அவர்கள் தொட்டதே இல்லை. மாஸ்டர் மட்டும் விடவில்லை. "மாணவன் எண்டால் பத்துச் சொல்லாவது படிக்க வேணும்" என்று பிடிவாதமாக உட்கார வைத்தார். மொய்தீன் ஒரே சொல்லைக் கற்றான். அது 'சோறு'.

அந்த வருஷம் எல்லா ஆட்டமும் எங்களுக்கே. சிராங்கூன் சாலையில் நான் நடந்து போனால் மார்க்கெட்டில் கீரை விற்பவர்கூட எழுந்து நிற்பார். கோல் போட்டது நான்தான் என்பதுபோல எனக்கும் ஒரு நடை வந்துவிட்டது. நான் பந்தைத் தொட்டதே, அதைத் துடைத்து வைக்கும்போதுதான்.

முகத்தைப் பார்த்து எடுத்த வருஷம்

மற்ற அணிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டா இருப்பார்கள்? அடுத்த வருஷம் துறைமுகத்து அணிக்காரர்கள் புகையிலையும் கருவாடும் காட்டி மொய்தீனைத் திரும்ப இழுத்துக்கொண்டார்கள். அவனோடு மூன்று பேர் போனார்கள். துறைமுகத்து வேலையே ஒரு சீட்டுத்தானே, அவர்களுக்கு லாரி பயம் இல்லை.

நான் போய்ப் புது ஆள் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. ஏனென்றால் அதற்குள் என் வீட்டு வாசலில் ஆட்கள் தேடி வரத் தொடங்கியிருந்தார்கள்.

முதலில் வந்தது என் சொந்தச் சித்தப்பா. "உன் பந்து லிஸ்ட்டுல நம்ம பேரையும் ஒரு ஓரமா எழுதிடுடா." எழுதினேன். அடுத்தது சித்தப்பாவின் மச்சான். பிறகு மச்சானுக்கு வேண்டியவர். கோயிலுக்குப் போனால் பிராகாரத்தில் மடக்குவார்கள். நம்மவர்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு என்ன தெரியும் என்று கேட்கமாட்டோம், ஆள் யாருக்கு என்ன முறை என்றுதான் கேட்போம். பந்தாட்ட அணிக்கும் அப்படியே ஆள் எடுத்தேன். மாற்று ஆட்டக்காரர் இத்தனை பேர்தான் என்று எந்த விதியும் இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. விசில்காரர் பயிற்சி பார்க்க வருவதில்லை, ஆட்டத்துக்குத்தான் வருவார் என்று நம்பி எழுதிக்கொண்டே போனேன்.

முப்பத்திரண்டாவது பேர் சுப்பையா அண்ணன்.

பஃபலோ ரோட்டில் பால் ஊற்றியவர். ஐந்து மாடு வைத்திருந்தார். ஐந்தையும் இராணுவம் ஓட்டிக்கொண்டு போய்விட்டது. மாடு இல்லாத பால்காரருக்கு வேலை ஏது? லாரிக்கு அவர்மேல் கண் விழ எத்தனை நாள் ஆகும்? அவர் எனக்கு உறவுமில்லை, ஒன்றுமில்லை. அவர் மனைவி அஞ்சலை அக்காதான் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இவருக்கு என்ன தெரியணும்னு சொல்லுங்க. நான் பழக்கி விடுறேன்."

"அக்கா, இது பந்து அடிக்கிற வேலை."

"மாட்டுகிட்ட உதை வாங்குனவருதானே? உதைக்கிறது எப்படின்னு தெரியாமலா இருக்கும்லா!"

அதற்குப் பிறகு ஒரு மாதம், பஃபலோ ரோட்டுச் சந்தில் அந்த அக்கா தேங்காய் நாரைச் சுருட்டிக் கட்டி உருட்டிவிட, அண்ணன் உதைத்துப் பழகுவதைத் தெருவே நின்று பார்த்தது. நானும் பார்த்துச் சிரித்தேன். கணவனை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு பெண் என்னவெல்லாம் செய்ய வேண்டியிருந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

முகத்தைப் பார்த்து எடுத்த அணி எப்படி ஆடும்? அப்படியே ஆடியது. வரிசையாக நான்கு தோல்வி. நான்காவது தோல்விக்குப் பிறகுதான் விசில்காரர் முழுப் பட்டியலையும் கேட்டார். பட்டியலில் உள்ள அத்தனை பேரையும் திடலுக்கு வரச் சொன்னார்.

விசில்

ஊதினார்.

ஓடினார்கள். ஐந்து பேர் மரவள்ளிக் கொல்லைக்குள் ஓடியவர்கள் திரும்பி வரவேயில்லை. என் சித்தப்பா பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து விசில்காரரிடம் மரியாதையாகக் கொடுத்தார். சுப்பையா அண்ணன் மட்டும் சொல்லிக் கொடுத்தபடி செய்தார். நாலு அடி பின்னால் போய், ஓடி வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. அண்ணன்தான் போய் விழுந்தார்.

விசில்காரர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். சிரித்து முடித்துவிட்டு மெதுவாக இரண்டு விஷயம் சொன்னார். மாஸ்டர் இந்த முறை ஒழுங்காக மொழிபெயர்த்தார்.

"மொத்தம் பதினைஞ்சு பேர். அதுக்கு மேலை ஒரு பேரும் இருக்கப்படாதாம். அடுத்த கிழமை துறைமுக அணியோட ஆட்டம். அதிலையும் தோத்தால் அணி இல்லை, அந்தப் பதினைஞ்சு பேருக்கும் சீட்டும் இல்லையாம்."

பதினைந்தாம் பேர்

மறுநாள் காலையில் மாஸ்டரும் நானும் வகுப்பறையில் உட்கார்ந்தோம். மாஸ்டர் கெட்டிக்காரர். பன்னிரண்டு பேரைத் தச்சு வகுப்பிலும் கொல்லு வகுப்பிலும் நிஜ மாணவர்களாகவே சேர்த்துவிட்டார். என் சித்தப்பாவுக்கு ஐம்பது வயதில் உளி பிடிக்கும் பாக்கியம் கிடைத்தது. அதற்குமேல் வகுப்பில் இடமில்லை. சிலர் இந்திய விடுதலைப் படையில் சேர்ந்தார்கள். சிலர் ஜொகூர்ப் பக்கம் கம்பி நீட்டினார்கள். ஓட முடிந்தவன் ஓடினான். சுப்பையா அண்ணன் ஓடவில்லை. அஞ்சலை அக்காவுக்கு அப்போது மாதம் நெருங்கியிருந்தது.

பட்டியலில் பதினான்கு பேர் எழுதியாயிற்று. ஓரளவு ஆடத் தெரிந்தவர்கள் பதின்மூன்று பேர், அவர்களோடு நான்.

"பதினைஞ்சாவது ஆர்?" என்றார் மாஸ்டர்.

"மொய்தீன் வர்றேன்னு சொல்லியிருக்கான் சார். நேத்தே போய்ப் பார்த்துட்டேன். ரெண்டு பங்கு அரிசி கேக்குறான்."

"மொய்தீனுக்குத் துறைமுகத்துச் சீட்டு இருக்குது. அவனுக்கு இது தேவை இல்லை. சுப்பையாவுக்குத் தேவை."

"சுப்பையா அண்ணனை வச்சுக்கிட்டா தோத்துடுவோம் சார். தோத்தா பதினஞ்சு பேரும் லாரியில போவோம். ஒரு ஆளுக்காகப் பதினஞ்சு பேரா?"

நல்ல வாதம். இன்றைக்கும் யாராவது என்னிடம் இப்படிப் பேசினால் தலையாட்டுவேன். மாஸ்டர் தலையாட்டவில்லை. பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"உம்மட பேர் நாலாவதாக் கிடக்குது."

"நான் செயலாளர் சார்."

"ஓம். நான் வாசிச்சன், அவ்வளவுதான்."

பட்டியலைத் திரும்ப என் பக்கம் தள்ளினார். எனக்குப் பந்தைத் தொடத் தெரியாது. அண்ணனாவது தொடுவதற்கு முயற்சி செய்தார். என் பேரை அடித்துவிட்டு அவர் பேரை எழுதலாம், மொய்தீனும் இருப்பான், அணிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இது அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது, கிராணி வேலைக்குத் தனிச் சீட்டு கிடையாது, லாரிக்குப் பயந்தேன். பதினைந்தாவதாக மொய்தீன் பேரை எழுதி முத்திரை குத்தினேன்.

சீட்டைத் திரும்ப வாங்க நான் போகவில்லை. அண்ணனே பள்ளிக்கு வந்து, வேட்டி மடிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கசங்காமல் நான்காக மடித்து வைத்திருந்தார்.

"பரவால்ல தம்பி. எனக்கே தெரியும்லா, நமக்குப் பந்து வராது. நீங்க ஜெயிச்சுடுங்க."

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், ரேஷன் வரிசையில் வைத்து அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஏழு கோல்

அந்த ஆட்டத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

பதினைந்தாவது நிமிஷத்தில் மொய்தீன் மரவள்ளிக் குழியில் காலை விட்டுச் சுளுக்கிக்கொண்டான். தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார வைத்தோம். அவன் அதுவரை ஒரு கோலும் போட்டிருக்கவில்லை. அவனுடைய இரண்டு பங்கு அரிசியும் வீணாய்ப் போய்விட்டது என்று எனக்கு எரிந்தது. ஓரத்தில் மாற்று ஆளாக இருந்தது நான் ஒருவன்தான், மற்ற மூவரும் காய்ச்சலில் படுத்திருந்தார்கள். விசில்காரர் கண் என்மேல் விழுந்தது. நான் பந்துக்குக் காற்று அடிக்கும் பம்ப்பை மும்முரமாகப் பழுது பார்க்கத் தொடங்கினேன். பத்துப் பேரோடு ஆடினோம்.

பத்துப் பேரோடு ஏழு கோல் போட்டோம்.

எப்படி என்று கேட்கிறீர்களா? துறைமுகத்து அணியும் எங்கள் அணியைப் போலவே ஆகியிருந்தது. அங்கேயும் ஒரு செயலாளர் இருந்திருக்கிறான். அவனுக்கும் சித்தப்பாக்கள் இருந்திருக்கிறார்கள். மொய்தீனோடு போன மூன்று பேரைத் தவிர மற்ற எல்லாரும் மாமாவும் மச்சானும். அவர்களுடைய கோல் கீப்பர் பந்து வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு முருகா என்றார். தொந்திக்காரர் இருவர் பாதி ஆட்டத்திலேயே நிழலில் படுத்துவிட்டார்கள். அந்தச் செயலாளர் ஒருவரையும் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை. ஏழு கோல் வாங்கிக்கொண்டு அத்தனை பேரும் சிரித்துப் பேசிக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனார்கள்.

சுப்பையா அண்ணனை நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தாலும் நாங்கள் ஜெயித்திருப்போம்.

விசில்காரர் என் தோளைத் தட்டி, ஆள் தேர்ந்தெடுப்பதில் நீ கெட்டிக்காரன் என்றார். மாஸ்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. எனக்கே அந்த அளவுக்கு ஜப்பானிய மொழி வந்துவிட்டிருந்தது.

பஃபலோ ரோட்டில் ஒரு காலை

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்ப வந்து சில மாதங்கள் இருக்கும். சயாமிலிருந்து தப்பித்தவர்கள் ஒருவர் இருவராக வந்துகொண்டிருந்தார்கள். சுப்பையா அண்ணன் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வாரம் அந்தத் தெருவைச் சுற்றிப் போனேன். பிறகு ஒருநாள் காலையில், எத்தனை நாள் ஒளிவது என்று வெறுத்துப்போய், நேராக நடந்தேன்.

வாசலில் உட்கார்ந்திருந்தார். அடையாளம் தெரியவில்லை. முன் பல் எதுவும் இல்லை. கெண்டைக்காலில் புண் ஆறிய தழும்பு முழங்கால்வரை போயிருந்தது. அஞ்சலை அக்கா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று, யாரிந்தப் புது ஆள் என்பதுபோல அப்பாவைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். நான் தொடங்குவதற்குள் அவரே பேசினார்.

"வாங்க தம்பி, வாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு ரெண்டு வருஷமா நெனச்சுக்கிட்டே இருந்தேன்லா. அங்க கல்லு ஒடைக்கும்போதெல்லாம் இதான் நெனப்பு. அந்த மேட்ச் என்ன ஆச்சு?"

"ஜெயிச்சோம்ண்ணே."

"எத்தன கோலு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து ஏழு என்று சொல்ல எவனால் முடியும்?

"ஒண்ணுதாண்ணே. கடைசி நிமிஷத்துல. மொய்தீன் போட்டான்."

அவர் தொடையில் தட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷம்.

"பாத்தியா! ஒரே கோலு. அப்ப நான் நின்னிருந்தா போயிருக்கும்லா. அத்தன பேரும் போயிருப்பாங்க. அஞ்சல, கேட்டியாம்மா?"

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அஞ்சலை அக்கா ஈரக்கையோடு வாசலுக்கு வந்தார். ஏழு கோல் என்று ஊரே பேசிய ஆட்டம் அது. அவர் அதே தெருவில்தான் இருந்தார்.

என்னை ஒரு முறை பார்த்தார். அப்படி ஒரு பார்வை என் வாழ்நாளில் வேறு யாரும் என்னைப் பார்த்ததில்லை. பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஆமாங்க, ஒரு கோலுதான். வயித்தத் தூக்கிக்கிட்டு நானே போயி நின்னு பாத்தேன்" என்றார்.